பனிமலைப் பாம்பு

நேயர்களுக்கு வணக்கம். கிலுகிலுப்பைப் பாம்பு என்றதும் பாலைவனமும் கௌபாய் படங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் டிம்பர் ராட்டில்ஸ்னேக் என்ற இனம் அமெரிக்காவின் வடகிழக்கில், பனி கொட்டும் மலைக்காடுகளில் வாழ்கிறது. வாழ்ந்தது என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. மெய்ன் மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போனது. ரோட் ஐலண்டிலும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் கடைசியாகத் தென்பட்டது 1941இல். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே ஒரு கூட்டம் எஞ்சியிருக்கிறது.

உறைபனி எட்டாத ஆழமுள்ள பாறைப் பிளவு எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்த பிளவில் பல பாம்புகள் சேர்ந்து குளிர்காலத்தைக் கழிக்கும். ஆண்டுதோறும் அங்கேயே திரும்பும். பெரியவை சென்ற தடத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டு குட்டிகளும் வந்து சேரும். இலையுதிர் காலத்தில் வாசலில் ஒரு தடியோடு காத்திருந்தால் போதும், வட்டாரத்தையே துடைத்துவிடலாம். துடைத்தார்கள். வெர்மான்ட்டில் 1971 வரை, கொன்ற பாம்புக்கு வெகுமதி கிடைத்தது.

எலி இழப்பை ஈடுகட்டுவதைப்போல இந்தப் பாம்பால் ஈடுகட்ட முடியாது. வடக்கில் பெண் பாம்பு முதல் குட்டி போடவே ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் பிறகும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். சினைப்பட்ட கோடையில் இரை தேடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, மொட்டைப் பாறைமேல் வெயில் காய்ந்து கிடக்கும். மலையேறுபவரின் கண்ணில் எளிதில் படுவதும், அடி வாங்குவதும் இந்தத் தாய்ப் பாம்புதான்.

2006இல் நியூ ஹாம்ப்ஷயர் கூட்டத்தைப் பூஞ்சை நோய் தாக்கியது. முகத்திலும் வாயிலும் புண்கள். ஏற்கெனவே நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கி நலிந்திருந்த கூட்டம், ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

மாசசூசெட்ஸ் மாநிலம் குவாபின் நீர்த்தேக்கத்திலுள்ள ஒரு தீவில் இந்தப் பாம்புகளைக் குடியேற்றத் திட்டமிட்டது. பாம்பு நீந்திக் கரையேறிவிடும் என்று ஊரார் கொதித்தார்கள். நீந்தும் என்பது உண்மைதான். ஆனால் தகுந்த பிளவு கிடைக்காவிட்டால் கரையேறிய பாம்பு முதல் குளிர்காலத்தைத் தாண்டாது என்று அதிகாரிகள் விளக்கிப் பார்த்தார்கள். தங்களைக் கேட்காமலே வகுத்த திட்டம் என்று மனம் கசந்தவர்களிடம் அந்த விளக்கம் எடுபடவில்லை. எடுபடாததில் வியப்பும் இல்லை. 2017இல் திட்டம் கைவிடப்பட்டது.

குட்டிகளை மிருகக்காட்சிச் சாலையில் வளர்த்து, தாக்குப்பிடிக்கும் அளவு பெருத்ததும் காட்டில் விடும் வேலை மட்டும் நடக்கிறது. வளர்த்துத் தருவது, தன் மண்ணில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காத ரோட் ஐலண்டின் மிருகக்காட்சிச் சாலை.