ஓசை எழுப்பாத பாதம்

(ஹட்டனில் ஒரு நடன மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். நம் பிள்ளைகள் பரதத்தின் தட்டடவு ஆடிவிட்டு இப்போதுதான் இறங்கினார்கள். பலகை மேடை இன்னும் அதிருது. முழங்காலை மடித்து அரைமண்டியில் இருந்து நிலத்தை ஓங்கி மிதிப்பது நம் ஆட்டம். நான் பேச வந்ததோ, கால் நிலத்தில் படுகிற சத்தமே கேட்கக்கூடாது என்கிற ஆட்டத்தைப் பற்றி. பாலே. அதிலும் என் மனதுக்குப் பிடித்த ஒரு பாலே ஆட்டக்காரரைப் பற்றி: அன்னா பாவ்லோவா.

1881இல் ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் பிறந்தவர். தாய் துணி வெளுத்துப் பிழைத்தவர். சிறுமியாக இருந்தபோது ‘தூங்கும் அழகி’ பாலேயைப் பார்த்துவிட்டு, நானும் ஆடியே தீருவேன் என்று நின்றாராம். அதற்கு இசை சைக்கோவ்ஸ்கி. அந்தக் காலத்தில் பாலேக்கு இசை எழுதுவது தையற்காரர் வேலை மாதிரி. எந்த இடத்தில் என்ன வேகம், எத்தனை அளவு என்று நடன ஆசிரியர் பெட்டிப்பா எழுதிக் கொடுத்துவிடுவார். சைக்கோவ்ஸ்கியும் அந்த அளவுக்குத்தான் வெட்டினார். ஆனால் துணி பட்டு.

பாவ்லோவா என்றாலே எனக்கு அந்த மூன்று நிமிடச் சொச்ச ஆட்டம்தான், ‘இறக்கும் அன்னம்’. இசை 1886இல் பிரெஞ்சுக்காரர் சென்-சான்ஸ் எழுதியது. மிருகங்களை வைத்து வேடிக்கையாக எழுதிய ஒரு தொகுதியில் இது ஒரு துண்டு. பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, தான் உயிரோடு இருக்கும்வரை இந்த ஒன்றைத் தவிர மற்றதை அச்சிட விடவில்லை. நடனம் அமைத்தவர் ஃபொக்கின்.

செலோ என்கிற பெரிய வில்வாத்தியம் ஒரே நீள இழையாக ராகத்தை இழுத்துக்கொண்டு போகும். அடியில் பியானோ சலசலவென்று அலையடிக்கும். பாவ்லோவா நுனிவிரலில் நின்று பொடிப்பொடி அடியாக வைத்து மேடையெங்கும் நகர்வார். பாய்ச்சல் கிடையாது, பம்பரச் சுழற்சி கிடையாது, பெரும்பாலும் அந்த ஒரே அடிதான். கவனித்துப் பாருங்கள், கால் பியானோவோடு ஓடும், கை செலோவோடு நீளும்.

எனக்கு இது எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் கேட்டது. மதன் எரிந்துபோனதும் ரதி அழுவாளே, அந்த இடம். தப்புப் பறை கீழே ஓடிக்கொண்டே இருக்கும்; ரதியின் ஒப்பாரி அதன்மேல் தன்பாட்டில் நீண்டு போகும். ரதி வேஷம் கட்டியவர் பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். மழித்த மீசைத் தடம்கூடத் தெரியும். ஆனாலும் லயத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

பாவ்லோவாவின் பாதவளைவு மிக உயரம், கணுக்கால் மெலிவு. அதனால் நடனச் சப்பாத்துக்குள் கெட்டித் தோல் வைத்துக்கொண்டார். அது கள்ள வேலை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று எல்லாருடைய சப்பாத்தும் கெட்டிதான்! அபிமானம் என்பதற்காக எல்லாவற்றையும் மெச்சவும் மாட்டேன். ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘தீப்பறவை’ இசை பிடிக்காமல் அந்த வேடத்தை விட்டுவிட்டார். 1910இல் அதை ஆடிப் பெயர் வாங்கியவர் கர்சாவினா. புதிய இசைக்குப் பாவ்லோவாவின் காது கொஞ்சம் மந்தம்தான்.

ஆனால் பிறர் ஆட்டத்தை மதிக்கத் தெரிந்தவர். தன்னிடம் வந்து பாலேயில் ஆசை வைத்த ருக்மிணி தேவியை, உங்கள் நாட்டு ஆடலைத் தேடுங்கள் என்று திருப்பிவிட்டவர் அவர்தான். அந்தத் தேடலில் பரதத்துக்கு வந்த ருக்மிணி தேவியால் 1936இல் கலாக்ஷேத்ரா என்கிற கலைப்பள்ளி வந்தது. அதற்கு முன்பு பரதத்தின் பழைய வடிவமான சதிரைக் காத்து வைத்திருந்த குடும்பங்களின் கதை வேறு. அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும்.

1931 ஜனவரியில், ஐம்பது நிறைய மூன்று வாரம் இருக்கையில், பாவ்லோவா காலமானார். அவர் அன்னமாக ஆடிய ஒரு பழைய ஊமைப்படம் மிஞ்சியிருக்கிறது. நீங்கள் பார்க்கிற பிரதிகளில் உள்ள இசை பிற்பாடு சேர்த்தது. இப்போது அதைத் திரையில் காட்டப்போகிறோம். முதல் தடவை சத்தத்தை நிறுத்திப் போடச் சொல்லியிருக்கிறேன். கையைப் பாருங்கள். தம்பி, விளக்கை அணைக்கலாம்.