நிரூபிக்க வேண்டியவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

லாபமா, அறமா என்று பேச ஆரம்பித்தாலே விவாதம் ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகிறது. நிறுவனம் யாருக்காக இருக்கிறது? முதல் போட்டவருக்காகவா, ஊருக்காகவா? 1970-இல் பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று எழுதினார். அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிற கேள்வி வேறு. ஒரு பொருளால் கெடுதல் வரலாம் என்று சந்தேகம் எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நிரூபிக்க வேண்டியவர் யார்? கெடுதல் இல்லை என்று விற்கிறவர் நிரூபிக்க வேண்டுமா? கெடுதல் உண்டு என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டுமா? கேள்வி சின்னதுதான். ஆனால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் திரும்பத் திரும்ப இங்கேதான் வருவேன்.

ஒரு கதை சொல்கிறேன். பெட்ரோல் நிலையத்தில் ‘ஈயம் கலவாதது’ என்று எழுதியிருந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தது யார், எதற்காகக் கலந்தார்கள்?

1921-இல் அமெரிக்காவில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் ஒரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். மேடேறும்போது இன்ஜினில் டக்டக்கென்று ஒரு சத்தம் வரும். நாக்கிங் என்று மெக்கானிக் சொல்வார். டெட்ரா எத்தில் ஈயம் என்ற சேர்மத்தைத் துளியளவு கலந்தால் அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். ஆல்கஹால் கலந்தாலும் அடங்கும். அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் வடிக்கலாம், அதற்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது. ஈயச் சேர்மத்துக்குக் காப்புரிமை வாங்கலாம். நேயர்களே, லாபமும் பொறுப்பும் பிரிந்த இடம் இதுதான். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கே பழைய செய்தி.

1923-இல் விற்பனை தொடங்கியது. பொருளுக்கு எத்தில் என்று பெயர் வைத்தார்கள், விளம்பரத்தில் ஈயம் என்ற சொல்லே வரவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில், நியூ ஜெர்சி மாநிலத்தின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்களுக்குப் புத்தி தடுமாறியது. இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்தது. சிலரைக் கட்டிப்போட்டுத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அந்த மாதமே மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, சேர்மத்தைக் கையில் ஊற்றிக் கழுவி, புட்டியை மூக்கருகே வைத்து ஒரு நிமிடம் முகர்ந்து காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரே ஈய நஞ்சு ஏறி விடுப்பில் போயிருந்தார்.

நியூயார்க் நகரம் விற்பனையைத் தடை செய்தது. 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு ஒரு மாநாடு கூட்டியது. நிறுவனத்தின் சார்பில் பேசியவர் இந்தச் சேர்மத்தைக் கடவுள் கொடுத்த வரம் என்றே சொன்னார். தொழிற்சாலை நோய்களை ஆராய்ந்துவந்த ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் எதிர்த்துப் பேசினார். ஆலைக்குள் தொழிலாளியைக் காப்பாற்ற வழி கண்டுபிடிக்கலாம், நாடெங்கும் ஓடும் வண்டிப் புகையில் கலந்து வரும் ஈயத்தை யார் தடுப்பது என்பது அவருடைய கவலை. ஆராய ஒரு குழு அமைத்தார்கள், அதுவரை நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்தது. ஏழே மாதம். தடை செய்ய ஆதாரம் போதவில்லை, தொடர்ந்து ஆராய வேண்டும் என்று குழு சொன்னது. விற்பனை மறுபடி தொடங்கியது.

தொடர்ந்து ஆராய வேண்டும் என்றார்களே, யார் ஆராய்ந்தார்கள்? அங்கேதான் நம் கேள்வி வருகிறது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்த ஆராய்ச்சி பெரும்பாலும் ஈயம் விற்றவர்கள் பணத்தில்தான் நடந்தது. ராபர்ட் கீஹோ என்ற மருத்துவர் அதன் முகமாக இருந்தார். கெடுதல் என்கிறீர்களா, ஆதாரம் காட்டுங்கள், காட்டினால் நிறுத்துகிறோம் என்பது அவர் நிலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆதாரம் தேடும் ஆய்வுக்கூடமும் பணமும் விற்கிறவரிடமே இருந்தால், யார் போய் ஆதாரம் தேடுவார்கள்?

தேடாமலே கண்டெடுத்தவர் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. பூமியின் வயதைக் கணக்கிட விண்கல்லில் இருந்த ஈயத்தை அளந்துகொண்டிருந்தார் அவர். அளவு சரியாக வரவே இல்லை. மேசையில் ஈயம், தண்ணீரில் ஈயம், காற்றில், தலைமுடியில், எங்கும் ஈயம். தூசி நுழையாத அறை ஒன்றை அமைத்துத்தான் வேலையை முடித்தார். பூமிக்கு வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் வெளியிட்டார். நாம் இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் கணக்கு அதுதான். அத்தோடு அவர் நின்றிருக்கலாம், பெரிய பேர் கிடைத்தாயிற்று. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கடலடித் தண்ணீரோடு மேல்தண்ணீரை ஒப்பிட்டார், பின்னாளில் கிரீன்லாந்தின் பழைய பனியோடு புதுப் பனியையும் ஒப்பிட்டார். புதியதில் எல்லாம் ஈயம் பல மடங்கு. இந்த ஈயம் மனிதர் சேர்த்தது என்று 1965-இலேயே எழுதினார். அவருக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றது. காற்றில் உள்ள ஈயத்தை ஆராய 1971-இல் அமைந்த தேசியக் குழுவில் அவருக்கு இடமில்லை. அந்த விஷயத்தில் அவரைவிட நுட்பமாக அளக்கத் தெரிந்தவர் யார்? இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பிறகு எப்படி மாறியது? 1975-இலிருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கருவியைக் கார்களில் பொருத்த ஆரம்பித்தார்கள். ஈயம் பட்டால் அந்தக் கருவி கெட்டுப்போகும். எனவே ஈயத்தைப் பெட்ரோலுக்குக் கொண்டுவந்த அதே கார்த் தொழிலுக்கு இப்போது ஈயமில்லாத பெட்ரோல் தேவைப்பட்டது. மக்கள் உடல்நலத்துக்காகப் போட்ட விதிகளும் சேர்ந்தன. 1976 முதல் 1980 வரை எடுத்த அளவில், அந்த நாட்டுச் சிறு குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரியாக 15 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஈயம் முதலில் தாக்குவது வளரும் மூளையை. நடுவில் வளர்ந்த தலைமுறைகளை நினைத்துப் பாருங்கள். உலகில் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா, அங்கே நின்றது 2021-இல். மிட்ஜ்லி கண்டுபிடித்து நூறு ஆண்டுகள்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே அமெரிக்காவில் 1937-இல் ஒரு மருந்துக் கரைசலைக் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மறு ஆண்டே சட்டம் வந்தது: புதிய மருந்து ஆபத்தில்லாதது என்று விற்கிறவர்தான் முதலில் காட்ட வேண்டும். பார்த்தீர்களா, கேள்வியின் பதில் அங்கே மாறிவிட்டது. 1960-இல் தாலிடோமைட் என்ற தூக்க மாத்திரைக்கு அனுமதி கேட்டு ஒரு நிறுவனம் வந்தது. கோப்பு ஃபிரான்சஸ் கெல்சி என்ற அதிகாரியிடம் போனது, அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. அறுபது நாளுக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் அனுமதி தானாகக் கிடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் இந்த ஆதாரம் போதாது, இன்னும் கொடுங்கள் என்று எழுதி அனுப்பினார். நிறுவனம் மேலிடம் வரை போய் நெருக்கியது. அவர் அசையவில்லை. 1961 இறுதியில் ஐரோப்பாவிலிருந்து செய்தி வந்தது: கருவுற்ற தாய்மார்கள் அந்த மாத்திரை சாப்பிட்டதால் குழந்தைகள் கை, கால் வளராமல் பிறந்தார்கள். உலகம் முழுவதும் அப்படிப் பிறந்தவர்கள் சுமார் 10,000 பேர். அமெரிக்காவில் சோதனைக்கென்று கொடுத்த மாத்திரைகளால் சிலர் பாதிக்கப்பட்டார்கள், கடை விற்பனைக்கு அது வரவே இல்லை. கெல்சி அம்மையார் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடவில்லை. நிரூபிக்க வேண்டியது நீங்கள் என்று சொல்ல அவர் கையில் ஒரு சட்டம் இருந்தது. சொல்லும் துணிவும் இருந்தது.

நேரம் குறைவாக இருக்கிறது. வால்வோ நிறுவனம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நீல்ஸ் போலின் 1959-இல் உருவாக்கிய மூன்று முனை சீட் பெல்ட்டை மற்ற கார் நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். அதன் பிறகும் கார் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். லாபத்துக்கும் அறத்துக்கும் பிறவிப் பகை என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல மனம் உள்ள ஒரு நிறுவனத்தை நம்பிச் சமுதாயம் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் ரீச் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ தயாரிக்கும் ரசாயனங்களைப் பற்றிய தகவலை விற்கிறவர்தான் கொண்டுவந்து பதிய வேண்டும், தகவல் இல்லையென்றால் சந்தையும் இல்லை. சில விலக்குகள் உண்டு, குறைகளும் உண்டு, அவற்றை இப்போது விளக்க முடியாது. இதே விதியைக் கணினி மென்பொருளுக்கும், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும், கடன் மறுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் கேட்க வேண்டிய நாள் வந்துவிட்டது. அதற்கும் இன்று ஆதாரம் காட்டுங்கள் என்று வேலை கிடைக்காதவரிடமும் கடன் கிடைக்காதவரிடமும்தான் பெரும்பாலும் கேட்கிறோம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.