உள்ளங்கையைத் திருப்பும்போது முன்கைக்குள் என்ன நடக்கிறது? எலும்புகளை மூட்டு வழியாகக் கற்கும் முறை

[திரையில்: முழங்கை மடங்கி மேசைமேல் ஊன்றிய வலக்கை. உள்ளங்கை மேல்நோக்கி இருந்து கீழ்நோக்கித் திரும்புகிறது.]

வணக்கம். இந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டே உங்கள் வலக்கையை முழங்கையில் மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி மேசைமேல் வையுங்கள். இப்போது முழங்கையை அசைக்காமல் உள்ளங்கையை மட்டும் கவிழ்த்துப் பாருங்கள். அந்த ஒரு நொடிக்குள், அருகருகே நீளவாக்கில் கிடந்த உங்கள் முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் குறுக்கே ஏறிப் படுத்துவிட்டது. எண்ணற்ற முறை நாம் செய்யும் இந்த அசைவுக்குள் இவ்வளவு பெரிய இடமாற்றம் நடப்பது பலருக்குத் தெரியாது. எலும்புக்கூட்டைப் படிக்க விரும்புகிறவர்கள் இந்த அசைவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 300 எலும்புகள் இருக்கின்றன. வளர வளர அவற்றுள் பல ஒன்றோடொன்று இணைந்து, வயது வந்தவரிடம் பொதுவாக 206 என்ற கணக்கில் நிற்கின்றன. மண்டையோடு, முதுகெலும்பு, மார்புக்கூடு ஆகியவை அடங்கிய அச்சுப் பகுதியில் 80; கை, கால், அவற்றைத் தாங்கும் தோள் மற்றும் இடுப்பு வளையங்களில் 126. இதில் என்னை வியக்க வைப்பது ஒரே ஒரு கணக்குத்தான்: ஒரு கையின் மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை 27, ஒரு பாதத்தில் 26 என்று இரு பக்கமும் கூட்டினால் 106 வருகிறது. அதாவது நம் எலும்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை கைகளிலும் பாதங்களிலுமே இருக்கின்றன.

இந்த 206 பெயர்களையும் தலையிலிருந்து கால்வரை வரிசையாக மனப்பாடம் செய்பவர்கள், தேர்வு முடிந்த சில வாரங்களிலேயே பெரும்பகுதியை மறந்துவிடுகிறார்கள். அதற்கு மாறாக ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு, அது என்ன அசைவைத் தருகிறது, அந்த அசைவுக்கு எந்தெந்த எலும்புகள் எப்படி வடிவெடுத்திருக்கின்றன என்று பார்த்தால், பெயரும் வடிவமும் வேலையும் ஒன்றாகவே மனத்தில் பதிகின்றன. அதனால் இன்று முன்கையை மட்டும் முழுமையாகப் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: முன்கை எலும்புகளின் மாதிரி. அல்னா நீல நிறத்தில், ரேடியஸ் சிவப்பு நிறத்தில்.]

முன்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் இருப்பது அல்னா, கட்டைவிரல் பக்கத்தில் இருப்பது ரேடியஸ். முழங்கையை மேசையில் ஊன்றும்போது மேசையில் படுகிற கூர்மையான முனை அல்னாவினுடையது. அந்த முனையில் இடக்கை விரலை வைத்து, சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டை நோக்கி மெல்லத் தடவிக்கொண்டே வாருங்கள்; தோலுக்கு அடியிலேயே ஓர் எலும்பு விளிம்பு இடைவிடாமல் தொடர்வதையும், உள்ளங்கை கவிழ்ந்திருக்கும்போது மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் புடைத்து நிற்கும் குமிழில் அது முடிவதையும் உணர்வீர்கள். நீளம் முழுவதையும் இப்படி விரலால் தொட்டறிய முடிகிற எலும்புகள் உடலில் மிகச் சிலவே.

அல்னா முழங்கைப் பக்கம் தடித்தும் மணிக்கட்டுப் பக்கம் மெலிந்தும் இருக்கிறது. ரேடியஸ் இதற்கு நேர்மாறாக முழங்கைப் பக்கம் சிறியதாகவும் மணிக்கட்டுப் பக்கம் அகன்றும் இருக்கிறது. இது தற்செயலாக அமைந்ததன்று. முழங்கையில் மேற்கை எலும்பான ஹியூமரஸைக் கவ்விப் பிடித்து, மடக்கவும் நீட்டவும் வழிசெய்கிற கீல் மூட்டின் முதன்மைப் பொறுப்பு அல்னாவுக்கு. மணிக்கட்டில் உள்ளங்கையைத் தாங்கும் முதன்மைப் பொறுப்பு ரேடியஸுக்கு. கீழே விழும்போது கையை ஊன்றுகிறவர்களுக்கு, அதிலும் எலும்பு அடர்த்தி குறைந்த முதியவர்களுக்கு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் உடைவது மிகப் பரவலாகக் காணப்படுவதன் காரணமும் இதுவே. அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-ஆம் ஆண்டிலேயே இந்த முறிவை விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இனி திருப்பும் அசைவுக்கு வருவோம். ரேடியஸின் மேல் முனை உருண்டையான தட்டு வடிவத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி வளைய வடிவில் ஒரு நார் ஓடி, இரு புறமும் அல்னாவோடு பிணைந்திருக்கிறது. வளையலுக்குள் கை சுழல்வதைப் போல, அந்த நார் வளையத்துக்குள் ரேடியஸின் தலை தன் இடத்திலேயே நின்று சுழல்கிறது. இதை முளை மூட்டு என்கிறோம். ஆனால் கீழ் முனை தன் இடத்தில் நிற்பதில்லை. அது உள்ளங்கையையும் சுமந்துகொண்டு அல்னாவின் கீழ்முனையைச் சுற்றி வருகிறது. மேல் முனை நின்று சுழல, கீழ் முனை சுற்றிவர, நடுத்தண்டு அல்னாவின் குறுக்கே படுக்கிறது. ஏறக்குறைய அரை வட்டத்துக்கு உள்ளங்கை திரும்புவது இந்த இரண்டு மூட்டுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால்தான்.

இதை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். முழங்கையை மடக்கியபடியே அதன் வெளிப்பக்கத்தில் உள்ள எலும்புப் புடைப்பைக் கண்டுபிடியுங்கள். அது ஹியூமரஸின் பகுதி. அங்கிருந்து ஒரு விரற்கடை தூரம் மணிக்கட்டை நோக்கி இறங்கி, சற்றே குழிந்த இடத்தில் விரல்நுனியை அழுத்தி வைத்துக்கொண்டு உள்ளங்கையை இருபுறமும் திருப்புங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருள்கிறதல்லவா? அதுதான் ரேடியஸின் தலை. படத்தில் ஆயிரம் முறை பார்ப்பதைவிட இந்த ஒரு தொடுதல் அதிகம் கற்பிக்கும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

அடுத்து, இடக்கையால் வலது மேற்கையின் முன்தசையைப் பிடித்துக்கொண்டு, கவிழ்ந்த உள்ளங்கையை ஓர் எதிர்ப்புக்கு எதிராக மேல்நோக்கித் திருப்புங்கள். முழங்கையை மடக்குவதற்கென்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பைசெப்ஸ் தசை இறுகிப் புடைக்கும். அதன் தசைநாண் ரேடியஸின் மேற்பகுதியில் உள்ள ஒரு மேட்டில் இணைகிறது. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது அந்த மேடு பின்புறம் போய்விடுவதால் தசைநாண் எலும்பைச் சுற்றிக்கொள்கிறது, தசை சுருங்கும்போது அந்தச் சுற்று அவிழ்ந்து எலும்பு திரும்புகிறது. வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு ஸ்க்ரூவை இறுக்கும்போது கூடுதல் வலு கிடைப்பதும் இந்தத் தசையாலேயே, ஏனெனில் வலமாகச் சுற்றுவது வலக்கையின் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் அதே அசைவாகும்.

மருத்துவம், பிசியோதெரபி, நர்சிங் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு சொல். செய்முறைத் தேர்வில் தனி ரேடியஸைக் கையில் கொடுத்து அது எந்தப் பக்கத்து எலும்பு என்று கேட்டால் திகைக்க வேண்டியதில்லை. அகன்ற முனையைக் கீழே பிடியுங்கள். அந்த முனையில் கூம்பாக நீண்டிருக்கும் பகுதி உடலின் வெளிப்பக்கத்தை நோக்க வேண்டும். அதே முனையில் சிறு மேடும் தசைநாண்கள் ஓடும் பள்ளங்களும் உள்ள முகம் பின்னால் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருசேரப் பொருந்தும் பக்கமே விடை.

[திரையில்: சிறு குழந்தையின் ஒரு கையைப் பெரியவர் மேல்நோக்கி இழுக்கும் வரைபடம். அதன்மேல் சிவப்புக் குறுக்குக் கோடு.]

பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் இந்த மூட்டில் இருக்கிறது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அந்த நார் வளையம் இன்னும் உறுதிப்படாமல் இருப்பதால், ஒரு கையைப் பிடித்துச் சட்டென்று தூக்கினாலோ இழுத்தாலோ ரேடியஸின் தலை வளையத்திலிருந்து நழுவக்கூடும். எலும்பு உடைவதில்லை, வீக்கமும் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் குழந்தை அந்தக் கையைத் தொங்கவிட்டபடி, அசைக்க மறுத்து அழும். பயிற்சி பெற்ற மருத்துவர் இதைப் பெரும்பாலும் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். ஆனால் முறிவும் இதே போலத் தோன்றக்கூடும் என்பதால் வீட்டில் யாரும் கையைத் திருகிப் பார்க்கக் கூடாது. குழந்தையைத் தூக்கும்போது இரு அக்குள்களுக்கும் கீழே கைகொடுத்துத் தூக்குங்கள். ஒரு கையைப் பிடித்துச் சுழற்றி விளையாடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இதே வகை முளை மூட்டு நம் கழுத்திலும் இருக்கிறது. முதல் கழுத்து முள்ளெலும்பு வெறும் வளையமாக இருக்க, இரண்டாவதிலிருந்து மேலெழும் ஒரு முளை அந்த வளையத்துக்குள் புகுந்து நிற்கிறது. அதை நார் ஒன்று பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது. தலையை இடமும் வலமும் திருப்பும்போது கழுத்தின் மொத்தச் சுழற்சியில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே இடத்தில் நிகழ்கிறது. தலையை மேலும் கீழும் அசைப்பது இதற்கு ஒரு தளம் மேலே, மண்டையோட்டுக்கும் முதல் முள்ளெலும்புக்கும் இடையில். நம் கழுத்தில் உள்ளவை ஏழு முள்ளெலும்புகள். அவ்வளவு நீண்ட கழுத்துள்ள ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான்.

மற்ற மூட்டு வகைகளை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: தோளும் இடுப்பும் பந்து கிண்ண மூட்டு, கட்டைவிரலின் அடி சேண மூட்டு, மண்டையோட்டின் தையல்கள் அசையா மூட்டு.

தொட்டும் பார்த்தும் கற்பதன் வலிமைக்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. பண்டைய மருத்துவர் கேலன் பெரும்பாலும் விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியதால், மனிதரின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்ற கருத்து ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் மருத்துவக் கல்வியில் நிலைத்திருந்தது. மனித உடல்களைத் தம் கையாலேயே அறுத்து ஆராய்ந்த ஆண்ட்ரியாஸ் வெசேலியஸ், வயது வந்தவருக்கு அது ஒரே எலும்புதான் என்று 1543-இல் அச்சிட்ட நூலில் எழுதினார். அதே ஆண்டில் அவர் பாசல் நகரில் பொருத்தி நிறுத்திய எலும்புக்கூடு இன்றும் அங்குள்ள உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த வீடியோவில் முழங்காலைப் பார்க்கலாமா, பாதத்தின் 26 எலும்புகளைப் பார்க்கலாமா என்பதைக் கீழே எழுதுங்கள். ரேடியஸின் தலை விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். விரலை வைக்க வேண்டிய இடத்தை இன்னும் அருகிலிருந்து படம்பிடித்துத் தனியாகக் காட்டுகிறேன்.