கடைமடையில் ஒரு ராக் பாடகன்

நேயர்களுக்கு வணக்கம்.

வணிகர் சங்கக் கூட்டங்களில் இன்று ஊக்க உரை நிகழ்த்தும் நான், இருபது ஆண்டுகளுக்கு முன்பு கிடார் அலற மேடையில் குதித்த ராக் பாடகன் என்றால் பலர் நம்புவதில்லை. அப்போது முடி தோள்வரை தொங்கியது. வானொலியில் அதற்குச் சான்று காட்ட வழியில்லை. பாடகர்கள் வணிக மேடையேறுவது புதிதும் அல்ல. அயர்ன் மெய்டன் குழுவில் பாடிக்கொண்டே விமானமும் ஓட்டிய புரூஸ் டிக்கின்சன், வாடிக்கையாளரை ரசிகராக்க வேண்டும் என்று வணிகர்களிடம் பேசிவருபவர். நல்ல கருத்துதான். ஆனால் காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் நம் கடைமடைப் பக்கத்தில் ரசிகரின் மடியில் காசு இருக்குமா என்பதை ஆறுதான் முடிவு செய்கிறது. இதை எனக்கு உணர்த்தியவர் ஒரு தவில் வித்துவான்.

2003-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு மாரியம்மன் திருவிழாவில், நாதஸ்வரக் கச்சேரி முடிந்ததும் எங்கள் குழு மேடையேறியது. மூன்றாம் பாட்டில் மின்சாரம் போய், கிடாரும் மைக்கும் ஒரே நொடியில் ஊமையாயின. நான் விடவில்லை, கழுத்து நரம்பு புடைக்க, எழுந்து ஆடுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். ஒருவர்கூட எழவில்லை. மேடையோரத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தத் தவில் வித்துவான் வலக்கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அவை விழும் ஓசை எனக்குக் கேட்கும் அளவுக்குக் கூட்டம் அமைதியாக இருந்தது. "தம்பி, இவ்வளவு கத்துறீங்களே, வர்ற வழியில வாய்க்காலைப் பாத்தீங்களா?" என்றார்.

நான் பார்த்திருக்கவில்லை. அந்த ஆண்டு, வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது, குறுகிய கால நெல்லான குறுவையும் இல்லை. குறுவை இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் துணிக்கடைக் கல்லாவில் விழும் பணம், ஆனியில் விதைத்த நெல்லின் பணம்.

ஆகவே, முயன்றால் வெல்லலாம் என்ற ஒற்றை வரியை ஊர் ஊராக விற்கும் பேச்சாளர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. பம்புசெட் உள்ள கும்பகோணம் பக்கம் குறுவை ஓரளவு தப்பிவிடும். நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட வேதாரண்யம் பக்கத்தில் ஆற்றுநீரை விட்டால் மழைதான் கதி. இரண்டு ஊர்க் கடைக்காரர்களுக்கும் ஒரே தீபாவளி வருவதில்லை. நான் உரைக்கு முதல் நாளே போய், ஏதாவது ஒரு கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அனுமதி கேட்டுக் கடன் நோட்டைப் புரட்டுவேன். பழைய பாக்கி தடித்திருக்கும் ஆண்டில், வட்டிக்கு வாங்கிச் சரக்கை நிரப்பாதீர்கள் என்பதே என் ஊக்க உரை. மீண்டும் சொல்கிறேன், முதலில் வாய்க்காலைப் பாருங்கள்.

குரலைப் பேணுவது பற்றி விரிவாகப் பேசவே வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மேடையேறுமுன் தொண்டையைச் செருமாதீர்கள், குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி இன்னும் கரகரக்கும், ஒரு மிடறு வெந்நீர் போதும். வணக்கம்.