இடக்கையில் உயிர், வலக்கையில் மெய்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தமிழில் தட்டச்சு செய்ய உகந்தது தமிழ் எழுத்துகளுக்கே தனித்தனி விசை தரும் தமிழ்99 விசைப்பலகையா, ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிபெயர்த்துத் தட்டும் முறையா என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் எழுந்தவுடன், "ஏ, எம், எம், ஏ என்று தட்டினால் திரையில் அம்மா வந்து நிற்கிறாள், இதற்கு மேல் எதற்கு ஐயா தனியாக ஒரு பாடம்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். பட்டிமன்ற மேடையில் அம்மாவைச் சொன்னால் கைதட்டல் உறுதி என்பது நடுவருக்குத் தெரியாததன்று. தமிழ்99 அணிக்காகப் பேசும் நானும் அந்த அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்99 முறையில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் "அம்மா" வந்துவிடும். இடையில் இருக்கும் மகரத்திற்குப் புள்ளி வைத்தது நானன்று, கணினி. ஒரே மெய் இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் முதலாவது புள்ளி பெறும் என்பது இந்த விசைப்பலகையின் விதி. ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் அதே விதிதான். வல்லினத்தோடு அதன் இனமான மெல்லினம் சேர்ந்து வருவதை நாம் பள்ளியில் இன எழுத்து என்று படித்தோம். தேர்வு முடிந்தவுடன் மறந்தும் போனோம். இந்த விசைப்பலகையை வடிவமைத்தவர்கள் மறக்கவில்லை. எதிரணியினர் சொல்லும் முறையிலும் நான்கே விசைகளில் அம்மா வருகிறாள் என்பது உண்மை; ஆனால் அங்கே கடைசியில் இருப்பது குறிலா நெடிலா என்பதை நீங்கள் சொல்லவில்லை, கணினி ஊகித்துக்கொள்கிறது. ஊகத்தை நம்பாமல் நெடிலென்று தெளிவாகச் சொல்ல விரும்பினால் ஐந்தாவதாக இன்னொரு ஏ தட்ட வேண்டும்.

நாம் நின்று பேசிக்கொண்டிருக்கும் "பட்டிமன்றம்" என்ற சொல்லையே எண்ணிப் பார்க்கலாம். தமிழ்99 முறையில் ப, ட, ட, இ, ம, ன, ற, ம, கடைசியில் ஒரு புள்ளி என்று ஒன்பது விசைகள் போதும். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகள் பதினொன்று வேண்டும். றகரத்திற்காக ஷிஃப்ட் விசையை அழுத்துவதையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஒரு சொல்லுக்கு மூன்று தட்டு மிச்சம் என்றால் அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். வாட்ஸ்அப்பில் "சரி" என்று மட்டும் பதில் போடுபவருக்கு ஒன்றும் வரப்போவதில்லை. நாள் முழுவதும் தமிழில் கோப்பு எழுதும் அலுவலருக்கும், இரவில் செய்தி தட்டும் உதவி ஆசிரியருக்கும் அந்த மிச்சம் எங்கே போய்ச் சேருகிறது என்பதை அவர்களுடைய மணிக்கட்டைக் கேட்டால் தெரியும்.

இந்த விசைப்பலகை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம்99 மாநாட்டில் பல நாட்டுத் தமிழ்க் கணினி வல்லுநர்கள் கூடி விவாதித்த பின்னர், அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு இதைத் தரப்படுத்தி அறிவித்தது. அதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு என்றிருந்த காலத்தில், ஒரு கணினியில் தட்டிய கடிதம் மறு கணினியில் பூச்சியும் புழுவுமாய்த் திறந்ததை இந்த அவையில் நரைத்த தலைகள் மறந்திருக்க மாட்டார்கள்.

அமைப்பைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி, ஆக முப்பத்தொரு விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆய்தமும் கிரந்த எழுத்துகளும் ஷிஃப்ட் விசையோடு வந்துவிடும். உயிரெழுத்துகள் அத்தனையும் இடக்கையில் இருக்கின்றன. மெய்யெழுத்துகள் வலக்கையில் இருக்கின்றன, வகரமும் ஙகரமும் மட்டும் இடமில்லாமல் இடக்கைப் பக்கம் குடியேறியவை. ஆங்கில விசைப்பலகையில் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளிலும் விரல் தடவித் தெரிந்துகொள்ளும்படி சிறு மேடு ஒன்று இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தமிழ்99 முறையில் இடக்கைச் சுட்டுவிரல் அமரும் அந்த மேட்டில் புள்ளியும், வலக்கைச் சுட்டுவிரல் அமரும் மேட்டில் பகரமும் இருக்கின்றன. க, ப, ம, த, ந, ய ஆகிய ஆறும் வலக்கையின் நடுவரிசையில் விரல் வரிசை மாறாமலே கிடைக்கின்றன. வலக்கை மெய்யைத் தட்ட, இடக்கை உயிரைத் தட்ட, கைகள் மாறி மாறி இயங்குகின்றன. தமிழை எண்ணிப் பார்த்துச் செய்த அமைப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளராகிய சகோதரி, "தமிழுக்கே சிறப்பான ழகரத்தைக் கொண்டுபோய்க் கீழ்வரிசையின் கடைசி மூலையில் வைத்திருக்கிறீர்களே, இதுதான் தமிழ்ப்பற்றா?" என்று கேட்டார். நல்ல கேள்வி, நானும் சிரித்தேன். சிறப்பு வேறு, புழக்கம் வேறு. உரைநடையில் ஒரு பக்கத்தை எடுத்துக் ககரத்தையும் ழகரத்தையும் எண்ணிப் பார்த்தால் எது விரலருகில் இருக்க வேண்டும் என்பதைச் சகோதரியே சொல்லிவிடுவார். மூலையில் இருந்தாலும் ழகரத்திற்கென்று எங்களிடம் சொந்தமாக ஒரு விசை இருக்கிறது. அவர்களிடம் இருப்பது இசட்; அதுவும் சில மென்பொருளில் எச் என்ற துணையில்லாமல் நகராது.

அவரே தொடுத்த இலக்கணக் கேள்வியை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. "க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்தால் க என்பதே தமிழ் இலக்கணம். கே, ஏ என்று தட்டும் நாங்கள்தான் இலக்கணப்படி எழுதுகிறோம். வெறும் ககரத்தைத் தட்டிவிட்டு இகரத்தைச் சேர்க்கும் நீங்கள் எந்த இலக்கணத்தில் இருக்கிறீர்கள்?" என்றார். ஒலியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே. ஆனால் தொல்காப்பியமே "மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்" என்கிறது. மெய் இயங்குவதே அகரத்தோடு சேர்ந்துதான். கையால் எழுதும்போதும் யாரும் முதலில் புள்ளி வைத்துவிட்டு அதை அழித்து உயிரைச் சேர்ப்பதில்லை. ககரத்தை எழுதிவிட்டே காலோ மேல்விலங்கோ இடுகிறோம். தமிழ்99 நம் கையெழுத்தின் வழியில் நடக்கிறது. அதையும் இலக்கணத்திற்குப் புறம்பு என்று சொல்ல இயலாது.

"மமதை என்று தட்டினால் உங்கள் விசைப்பலகை மகரத்திற்குப் புள்ளி வைத்துக் குளறுபடி செய்கிறதே" என்றும் ஒருவர் கேட்டார். செய்யும். இரண்டு மகரத்திற்கும் இடையில் ஒரு அகரத்தைத் தட்டினால் தீர்ந்தது. அம்மா, அப்பா, அக்கா, பக்கம், பட்டம், வெற்றி என்று நாள் முழுவதும் புள்ளியை இலவசமாகப் பெற்றுக்கொண்டு, எப்போதோ வரும் மமதைக்கு மட்டும் ஒரு தட்டு கூடுதலாகக் கொடுப்பதில் எங்களுக்கு நட்டமில்லை.

எண்ணிக்கையை விடவும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் ஓர் அதிகாரி ஓய்வுபெற்றபோது அச்சிடப்பட்ட அழைப்பிதழில் "பனி நிறைவு விழா" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நடந்ததோ சித்திரை மாதக் கத்திரி வெயிலில். பி, ஏ, என், ஐ என்று தட்டியவருக்குக் கணினி பனி, பணி என்று பட்டியல் நீட்டியிருக்கிறது. அவசரத்தில் முதலாவதைத் தொட்டுவிட்டார். "அது எழுதியவரின் பிழை, முறையின் பிழையன்று" என்று எதிரணியினர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். தமிழ்99 முறையில் றன்னகரம் வலக்கை நடுவிரலுக்கு, டண்ணகரம் சிறுவிரலுக்கு. எந்த விரலை நீட்டுவது என்று எழுதுபவரே முடிவு செய்தாக வேண்டும். அங்கும் பிழை நேரலாம், ஆனால் அது தெரிந்தோ தெரியாமலோ அவரே செய்த பிழை. ஒலிபெயர்ப்பில் மூன்று னகரமும் இரண்டு ரகரமும் லகர ளகரமும் ஆங்கிலத்தின் மூன்றே எழுத்துகளில் போய் நெருக்கியடித்துக்கொள்கின்றன. ஷிஃப்ட் அழுத்திப் பிரித்தறியும் பழைய முறையிலாவது எழுதுபவருக்குச் சற்றுப் பொறுப்பு இருந்தது. ஊகித்துப் பட்டியல் தரும் இன்றைய முறையில் அதுவும் போயிற்று. மனம், மணம், வலி, வளி, அரை, அறை என்று எத்தனை இணைகளை அந்தப் பட்டியலின் தயவில் விட்டுவிடுவது?

எதிரணியினர் டிவோராக் என்ற ஆங்கில விசை அமைப்பையும் சான்றுக்கு அழைத்துவந்தார்கள். 1870களில் தட்டச்சுப்பொறியோடு வந்த, இன்றும் நாம் ஆங்கிலத்திற்குப் பயன்படுத்தும் குவெர்ட்டி அமைப்பை வெல்லவென்று 1936ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற டிவோராக் அமைப்பு மேம்பட்டது என்று சொல்லப்பட்டும் பரவவில்லையாம். பழகியதே வெல்லும் என்பதற்கு அது சான்றாம். ஆங்கிலத்திற்கென்றே பிறந்த இரண்டு அமைப்புகளுக்குள் நடந்த போட்டி அது. இரண்டிலும் ஏ என்ற விசையைத் தட்டினால் ஏதான் வரும். நம் வழக்கில் ஒரு பக்கம் தமிழுக்கென அமைந்த விசைப்பலகை, மறு பக்கம் வேறொரு மொழியின் விசைப்பலகை வழியாகத் தமிழுக்கு வரும் வழி. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிறவர் தமக்குத் தெரிந்த சாலை என்பதற்காகத் திருச்சியைச் சுற்றிக்கொண்டு போவதற்கும், டிவோராக் கதைக்கும் தொடர்பில்லை.

கற்க நேரமாகும் என்பதை நான் மறுக்கவில்லை. முதல் சில நாள்கள் விரல் தடுமாறும், எரிச்சல் வரும், மடிக்கணினி விசைகளில் தமிழ் எழுத்து அச்சிடப்படாததால் பக்கத்தில் ஒரு படத்தை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆங்கில விசைப்பலகையையும் நாம் பிறவியிலேயே கற்றுக்கொண்டு வந்துவிடவில்லையே! கைப்பேசியில் எழுத்து தெரியவில்லை என்ற சாக்குக்கும் இடமில்லை; ஐபோனில் 2013 முதலே தமிழ்99, ஒலிபெயர்ப்பு வகையான அஞ்சல் என்ற இரண்டு அமைப்புகளும் உள்ளமைந்தே வருகின்றன, தேர்ந்தெடுத்தால் தமிழெழுத்துகள் திரையிலேயே நிற்கும். முப்பத்தொரு விசைகளைச் சிறிய திரையில் அடுக்கும்போது ஒவ்வொன்றும் குறுகிப்போகிறது, தடித்த விரல்காரர்களுக்குத் தொல்லைதான் என்பதை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

நிறைவாகக் குரல்வழித் தட்டச்சு. "பேசினாலே எழுத்தாகிவிடும் காலத்தில் விசைப்பலகைக்கே என்ன வேலை?" என்றார்கள். நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு மேலதிகாரியைப் பற்றி நண்பருக்கு எழுத வேண்டியிருக்கும்போது அவர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். அப்படிச் சொன்னதில் விழுந்த பிழையைத் திருத்தவும் விசைப்பலகைக்குத்தான் திரும்பி வர வேண்டும். எந்த விசைப்பலகைக்கு என்பதே நம் வழக்கு. குரல் இங்கே சாட்சியாக வரலாம், வாதியாக வர இயலாது. மணி அடித்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை எந்த வகுப்பில் கற்பிப்பது என்பதை என் அணியின் அடுத்த பேச்சாளர் விரித்துரைப்பார். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன்.