மஞ்சள் கறையும் கூன்யா சுண்ணாம்பும்

(ரங்கூனில் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், வகுப்பு நடத்துகிற தம்பி தங்கைகளுக்கும், பிள்ளைகளைக் கையோடு கூட்டி வந்திருக்கிற தாய்மார்களுக்கும் வணக்கம்.

பேச்சுக்கு முன்னால் ஒரு சட்டையைக் காட்டிவிடுகிறேன். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை. பச்சை லோஞ்சிக்கு (பர்மிய லுங்கிக்கு) மேலே நம் பிள்ளைகள் போட்டுக்கொண்டு போகிறார்களே, அதேதான். பாக்கெட்டுக்குக் கீழே பாருங்கள், நேற்றுக் குழம்பு சிந்திய மஞ்சள் கறை. இப்போது தண்ணீர் தொட்டு, சோப்பைத் தேய்க்கிறேன். பின்னால் இருப்பவர்கள் எழுந்து பார்க்கலாம். பார்த்தீர்களா? ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது.

அம்மாக்கள் சிரிக்கிறீர்கள். துணி துவைத்த எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு என்ன செய்தோம்? "சோப்பு சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, வெயிலில் காயப்போட்டோம். இப்போது அதே இடத்தில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறேன். சிவப்பு போய் மறுபடியும் மஞ்சள். திரும்பவும் சோப்பு, திரும்பவும் சிவப்பு. இந்த விளையாட்டை எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் அரை மணி நேரம் வேறு எதையும் கேட்காது.

விஷயம் இவ்வளவுதான்: மஞ்சளில் குர்குமின் என்று ஒரு சாயப்பொருள் இருக்கிறது. காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் பழைய மஞ்சளுக்கு வந்துவிடும். நாக்கில் உறைக்கிற மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான பொருளைத்தான் வேதியியலில் காரம் என்கிறோம். சோப்பு காரம், எலுமிச்சை அமிலம். ஆரத்தித் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தால் தண்ணீர் சிவக்கிறதே, அதுவும் இதுதான். குங்குமம் செய்வதும் இப்படித்தான்.

இதைச் சொன்னதும், "அப்படியானால் நம் முன்னோர்களுக்கு அந்தக் காலத்திலேயே வேதியியல் தெரிந்திருக்கிறது" என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்வார். போன வருஷம் ஒரு பெரியவர் சொன்னார், கைதட்டலும் கிடைத்தது. என் பாட்டிக்கு ஆரத்தி கரைக்கத் தெரியும். எவ்வளவு சுண்ணாம்பு போட்டால் எந்தச் சிவப்பு வரும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். அது பெரிய கைத்திறன், மறுக்கவில்லை. ஆனால் ஏன் சிவக்கிறது என்று நான் கேட்டபோது, "அது அப்படித்தான்டி" என்றாள். பிள்ளைக்கு நாம் கொடுக்க வேண்டியது அந்த "ஏன்". பெருமையைப் பிறகு தானாகவே தேடிக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் பர்மிய மொழியில் படிக்கிறார்கள். வேதியியலுக்கு அங்கே என்ன பெயர்? "தாத்து பேதா". பிரித்துப் பார்த்தால் தாது, வேதம். நம் காதுக்குப் பழகிய சொற்கள்தான், பாலி மொழி வழியாகப் போயிருக்கின்றன. ஆனால் சொல் பழகியதால் பொருள் பழகிவிடாது. நானும் அந்தக் காலத்தில் வகுப்போடு வகுப்பாகக் கத்திக் கத்தி ஒப்பித்தவள்தான். "வேதி மாற்றத்தில் புதிய பொருள் உண்டாகும், பழைய நிலைக்குத் திரும்பாது." இரண்டாவது பாதி தப்பு என்று இந்தச் சட்டையே சொல்கிறது. மஞ்சள் போய்ச் சிவப்பு வருகிறது, சிவப்பு போய் மஞ்சள் வருகிறது, இரண்டுமே வேதி மாற்றம்.

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். கலப்பதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிட வேண்டும். தமிழில் எழுதலாம், பர்மியத்தில் எழுதலாம், எழுத வராத சின்னது படம் போடலாம். எழுதிய பிறகு அழிக்கக் கூடாது. தப்பாக எழுதியவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது, முக்கியமாக நான் சிரிக்கக் கூடாது.

மஞ்சளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்துப் பட்டை பட்டையாக நறுக்கிக் கொடுப்பேன். அதை வைத்து வீட்டில் இருப்பதையெல்லாம் சோதித்துக்கொண்டு வருவார்கள். புளித்தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை, சலவைத் தூள் கரைசலில் சிவந்தது, இப்படிப் பட்டியல் நீளும். ஒரு பையன் தீமிதி முடிந்த குழியிலிருந்து ஒரு பிடி சாம்பலைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்துவிட்டான். கரைத்த தண்ணீரில் தோய்த்தால் தாள் சிவக்கிறது. அம்மன் சாம்பலைச் சோதிக்கலாமா என்று வீட்டில் ஒரே சண்டை. விறகுச் சாம்பல் எதுவானாலும் காரம்தான், அடுப்புச் சாம்பலும் அப்படியே சிவக்க வைக்கும் என்று அவனே வீட்டு அடுப்பில் எடுத்துச் செய்து காட்டி, பாட்டியைச் சமாதானம் செய்தான்.

அடுத்தது என் சொந்தக் கதை. கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

நம் ஊரில் மெழுகுவர்த்தி இல்லாத வீடு கிடையாது. கரண்டு போகிற புண்ணியம். மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய பையனாக வாழ்க்கையைத் தொடங்கியவர், 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவு செய்தார். ஆறும் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியே. நமக்கு ஆறு வேண்டாம், ஒன்று போதும் என்று நான் செய்வது இது: தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பது. சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது." எனக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பல வருஷம் இப்படியேதான் சொல்லிக் கொடுத்தேன்.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், "சயாமா (டீச்சர்), ரெண்டு மெழுகுவர்த்தி வச்சா?"

நான் சொன்னேன், "அதே அளவுதான் ஏறும். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் அதேதானே." சட்டப்படி நானும் சீட்டில் எழுதினேன். வைத்துப் பார்த்தோம். தண்ணீர் நன்றாகவே மேலே ஏறியது. மூன்று வைத்தோம், இன்னும் மேலே. என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "நீ டம்ளரைச் சரியாக வைக்கவில்லை." அவள் சரியாகத்தான் வைத்திருந்தாள்.

அன்றைக்கு வகுப்பை அங்கேயே நிறுத்திவிட்டு, வீட்டில் போய் நானே பத்துத் தடவை செய்தேன். அப்போதுதான் இத்தனை வருஷம் கண்ணில் படாத இரண்டு விஷயம் பட்டது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பு வழியாகக் குமிழி வெளியே வருகிறது. அதோடு, சுடர் எரிகிற நேரத்தில் தண்ணீர் அவ்வளவாக ஏறுவதில்லை, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி தப்பிப் போகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மெழுகுவர்த்தி கூடினால் சூடு கூடும், தண்ணீரும் கூட ஏறும். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதுகூட இல்லை, அதற்கு முன்னாலேயே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு வேறு உள்ளே சேர்ந்திருக்கிறது. அடுத்த வாரம் என் சீட்டை அவள் கையில் கொடுத்து, பலகையில் ஒட்டச் சொன்னேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப்போய், என் கையெழுத்து மட்டும் தெரிகிறது.

முட்டை ஓட்டை வினிகரில் கரைத்துக் காட்டலாமே என்று ஒரு தம்பி நேற்றுக் கேட்டார். நல்ல சோதனைதான். ஆனால் கோயில் மண்டபத்துக்குள் முட்டை கொண்டுவந்தால் குருக்கள் என்னைக் கரைத்துவிடுவார். சோழியோ கடற்கரைக் கிளிஞ்சலோ போடுங்கள், அதுவும் அதே கால்சியம் கார்பனேட்தான், நுரைத்துக்கொண்டு கரையும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இனி இந்த டப்பா. எதிர்த்த கூன்யா (வெற்றிலை பாக்கு) கடையில் வாங்கி வந்த சுண்ணாம்பு. காசு கூட வாங்கவில்லை, "சயாமாவும் போட ஆரம்பிச்சிட்டீங்களா" என்று சிரித்தார். வெற்றிலையில் தடவுகிற இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? பாஅன் ஊர்ப் பக்கம் போனவர்கள் வயலுக்கு நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கிற மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை சுண்ணாம்புக்கல். அந்த மாதிரிக் கல்லைச் சூளையில் 900 டிகிரிக்குச் சுட்டால், அதற்குள் பூட்டிக் கிடந்த கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும், மீதி 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். கூன்யா கடை டப்பாவில் இருப்பது அந்த நீற்றுச் சுண்ணாம்பு.

இதை நிறையத் தண்ணீரில் கலக்கி ஒரு இரவு வைத்தால், மேலே தெளிவான நீர் நிற்கும். அந்தத் தெளிநீரில் உறிஞ்சுகுழல் வைத்து மூச்சை ஊதினால் பால் மாதிரி வெளுத்துவிடும். ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்பவர் 1750-களில் நம் மூச்சில் இருக்கும் அந்த வாயுவைக் கண்டுகொண்டது இந்தச் சுண்ணாம்பு நீரை வைத்துத்தான். வெளுப்பாக மிதப்பது என்ன? மலையில் இருந்த அதே கால்சியம் கார்பனேட். சூளையில் பறந்துபோன வாயுவைப் பிள்ளை தன் மூச்சால் திருப்பிக் கொடுக்கிறது. டம்ளருக்குள் துளியூண்டு மலை. இதைச் சொன்னபோது என் வகுப்பில் சத்தமே இல்லை.

ஆனால் ஒன்று, இந்த இடத்தில் விளையாட்டு கிடையாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். டப்பாவைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கலக்குவது பெரியவர்கள் வேலை, பிள்ளைக்குத் தெளிநீர் மட்டும், அதுவும் கண்ணுக்குக் கண்ணாடி போட்ட பிறகு. உறிஞ்சுகுழலில் மேற்பக்கம் ஊசியால் ஒரு துளை போட்டுவிடுங்கள், மறந்துபோய் உறிஞ்சினாலும் நீர் வாய்க்கு வராது. தப்பித்தவறிக் கண்ணில் பட்டால் கசக்க விடாமல், ஓடுகிற தண்ணீரில் நிறுத்தாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இன்னொன்று, அமிலம் என்று சொல்லிக்கொடுத்த கையோடு எலுமிச்சையையோ வினிகரையோ பிளீச்சோடு கலந்துவிட விடாதீர்கள். குளோரின் வாயு வரும், அது நெஞ்சைப் பிடிக்கும்.

இப்போது டம்ளர்கள் வரிசையாக வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஐயா உங்களையும்தான். ஊதினால் வெளுக்கும் என்று நான் சொல்லிவிட்டேன், அதனால் அதை எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. வெளுத்த பிறகும் நிறுத்தாமல் ஐந்து, பத்து நிமிஷம் ஊதிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சீட்டும் பென்சிலும் நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. எழுதி மடித்து வைத்துவிட்டு ஊதத் தொடங்குங்கள்.