கற்றது ஒன்று, கற்பித்தது வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஓவியம் கற்பிக்கப் போன வாத்தியார்கள் அங்கே தீட்டிய பழைய நீர்வண்ணப் படங்கள் லண்டன் ஏலக்கடைகளில் அவ்வப்போது தலைகாட்டும். பெரும்பாலும் சின்னப் படங்கள். சிவப்பு மண் சாலை, தகரக் கூரை, சந்தைக்குப் போகும் பெண்கள். அவற்றின்மேல் எனக்குப் பல வருஷமாகவே ஒரு மயக்கம் உண்டு. அழகு ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் இன்றைய பேச்சு. தாங்கள் ஊரில் படித்து வந்த வித்தையை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று இவர்களில் சிலர் பிடிவாதமாக இருந்தார்கள். அதுவும் நல்ல எண்ணத்தோடு!

முதலில் தாளைப் பற்றிக் கொஞ்சம். நீர்வண்ணக்காரன் கையில் மைக் கிடைத்தால் தாளைப் பற்றிப் பேசாமல் விடமாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வண்ணத்தில் தப்பாகிவிட்டால் மேலே இன்னொரு பூச்சு பூசி மறைக்கலாம். நீர்வண்ணத்தில் அது நடக்காது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆகவே ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் அத்தனையும். இங்கிலாந்துக் குளிரில் வானத்துக்கு ஒரு வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, போட்டால் நிதானமாக மேகம் எடுக்கலாம். நைஜீரியாவில் டிசம்பர், ஜனவரியில் சகாராவிலிருந்து ஹார்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதியோடு வீசும். தூரிகை தாளின் அந்தக் கோடிக்குப் போவதற்குள் இந்தக் கோடி காய்ந்து ஒரு கறைக்கோடு விழுந்துவிடும். மழைக்காலத்தில் நேர்மாறு, காயவே காயாது. நல்ல தாளுக்கு மேலே ஜெலட்டின் பசை பூசியிருப்பார்கள். புழுக்கத்தில் அந்தப் பசை கெட்டால் வண்ணத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும், படம் மந்தமாகிவிடும். அப்புறம் பூஞ்சை. அப்புறம் இராமபாணப் பூச்சி. சென்னையில் ஐப்பசி மாதம் படம் போட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துச் சிவப்புச் சாயங்கள் சில வெயிலில் வெளுத்துவிடும். ஊதாவாகத் தீட்டிய அந்தி வானம் இன்று நீலமாகத் தெரிகிறது என்றால், அதிலிருந்த சிவப்பு ஓடிப்போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கதை ஒரு ஐரோப்பியரிடம் தொடங்கவில்லை. தொடங்குவது ஐனா ஒனபோலு என்ற நைஜீரியரிடம்.

ஒனபோலு 1882ல் இஜேபு ஓடே என்ற ஊரில் பிறந்தவர். நைஜீரியாவின் பெரிய நகரமான லாகோஸில் குமாஸ்தா வேலை. பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் வந்த ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் பார்த்து, யாரும் சொல்லித் தராமல் தானே வரையப் பழகினார். 1906ல் திருமதி ஸ்பென்சர் சாவேஜ் என்ற லாகோஸ் பெண்மணியை நீர்வண்ணத்தில் தீட்டினார். ஆப்பிரிக்கனுக்கு இப்படியெல்லாம் வரைய வராது என்று வெள்ளைக்கார அதிகாரிகள் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு அவர் வாதம் செய்யவில்லை, வரைந்து காட்டினார். 1920ல் லண்டனுக்குப் போய் முறையாகப் படித்தார், பாரீஸிலும் படித்தார். திரும்பி வந்து லாகோஸ் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினார். எதை? பெர்ஸ்பெக்டிவை. ரயில் தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால் தூரத்தில் இரண்டும் ஒன்று சேர்வது போலத் தெரியுமே, அந்தக் கணக்கைத் தாளில் கொண்டுவருவது. அதைச் சொல்லிச் சொல்லி, பையன்கள் அவருக்கு 'மிஸ்டர் பெர்ஸ்பெக்டிவ்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைப்பதில் உலகமே ஒன்றுதான்.

எத்தனை பள்ளிக்கூடத்துக்குத்தான் ஒருவரே ஓடுவார்? கலை கற்பிக்க ஐரோப்பாவிலிருந்து ஒரு ஆசிரியரை வரவழையுங்கள் என்று கல்வித் துறையை நச்சரித்தார். 1927ல் வந்து இறங்கினார் கென்னத் முரே. இருபத்தைந்து வயது இங்கிலாந்துக்காரர்.

வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? இந்தப் பெர்ஸ்பெக்டிவெல்லாம் வேண்டாம் என்றார்! ஐரோப்பியப் படத்தைப் பார்த்து எழுதாதே, உன் ஊர்த் திருவிழாவை எழுது, உன் ஊர் மரச்சிற்பத்தைப் பார், மண்பாண்டத்தைப் பார் என்றார். வெறும் பேச்சில்லை. 1929ல் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய், பெர்னார்டு லீச் என்ற பெரிய குயவரிடம் தானே சக்கரம் சுற்றக் கற்றுக்கொண்டு வந்தார். நேயர்கள் நடுவில் வந்து சேர்ந்திருந்தால் மறுபடியும் சொல்கிறேன்: ஐரோப்பிய முறை வேண்டும் என்று கேட்டவர் ஆப்பிரிக்கர், அது உனக்கு வேண்டாம் என்றவர் ஐரோப்பியர்.

யார் பக்கம் நியாயம்? முரேயின் பயம் வீண் பயமில்லை. பழைய சிற்பங்கள் கறையான் தின்றும், களவு போயும், விலைக்குப் போயும் அழிந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தவர். ஆனாலும் என் மனசு ஒனபோலு பக்கம்தான் சாயும். எனக்கு எது பொருந்தும் என்பதை நான் பார்த்துவிட்டு அல்லவா சொல்ல வேண்டும்? பார்க்கவே விடாமல் காப்பாற்றுவதிலும் ஒரு மேட்டிமை இருக்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. ஈ. பி. ஹாவெல் என்ற ஆங்கிலேயர் சென்னைக் கலைப்பள்ளியில் இருந்துவிட்டு 1896ல் கல்கத்தா கலைப்பள்ளிக்குப் போனார். அங்கே ஐரோப்பியப் பாடத்தைக் குறைத்து இந்தியக் கலைக்கு இடம் கொடுத்தபோது எதிர்த்து நின்றது யார்? மாணவர்கள்தான். ஒரு கூட்டம் வெளியேறித் தனிப் பள்ளியே தொடங்கிவிட்டது. இதைப் பேசினால் இன்றைக்கு முடியாது, விட்டுவிடுகிறேன்.

வானொலிக்கு ரொம்பப் பொருத்தமான ஒருவரைச் சொல்ல வேண்டும். மார்கரெட் ட்ரவல். லண்டன் ஸ்லேடு கலைப்பள்ளியில் படித்தவர், 1935ல் கணவரோடு உகாண்டாவுக்குப் போனார். கணவர் ஹியூ ட்ரவல் ஒரு டாக்டர். நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்று இன்று நம் டாக்டர்கள் சொல்கிறார்களே, அந்த ஆராய்ச்சியில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் அவர். அந்த அம்மாள் 1937 வாக்கில் வீட்டுத் தாழ்வாரத்தில் வகுப்பைத் தொடங்கினார். அதுதான் உகாண்டாவின் மெகரெரே கல்லூரிக் கலைப்பள்ளியாக வளர்ந்தது. இவரும் ஐரோப்பியப் படங்களை முன்னால் வைத்துக் கற்பிக்கவில்லை. ஒரு காட்சியை வாயால் சொல்வார். அவ்வளவுதான்! இப்படி ஒரு கிராமம், இப்படி ஒரு சண்டை, இப்படி ஒரு அறுவடை. மாணவர்கள் அதை மனசில் கண்டு தாளில் இறக்க வேண்டும். மரியன் ரிச்சர்ட்சன் என்ற தன் ஆசிரியையிடம் கற்ற முறை இது. நான் இப்போது படம் காட்டாமல் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேனே, கிட்டத்தட்ட இதே வேலை. என்ன, உங்கள் கையில் தூரிகை இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், சீக்கிரம் முடிக்கிறேன். முரேயின் மாணவர்கள் ஐந்து பேரின் நீர்வண்ணங்களும் சிற்பங்களும் 1937ல் லண்டன் ஸ்வெம்மர் காலரியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதில் ஒருவர் பென் என்வொன்வு, சிற்பியின் மகன். அவர் 1944ல் இங்கிலாந்துக்குப் போய், ட்ரவல் படித்த அதே ஸ்லேடு பள்ளியில் சேர்ந்து, வாத்தியார் வேண்டாம் என்றதையெல்லாம் கற்றுக்கொண்டார். முரே வகுப்பறையை விட்டுத் தொல்பொருள் வேலைக்குப் போனார். அவர் முயற்சியால் லாகோஸ் அருங்காட்சியகம் 1957ல் திறந்தது. அதன் முகப்புக்காக வெண்கலத்தில் 'அன்யன்வு' என்ற பெண் உருவச் சிலையை வடித்தவர் இந்த என்வொன்வுதான். அதைப் பற்றித்தான் கடைசிப் பத்து நிமிஷம் பேசலாம் என்றிருந்தேன்.

ஒரே ஒரு வார்த்தை. வீட்டில் பழைய நீர்வண்ணப் படம் வைத்திருப்பவர்கள் வெயில் படும் சுவரிலிருந்து இன்றைக்கே இறக்கிவிடுங்கள். சட்டத்தின் கண்ணாடி தாளில் ஒட்டக் கூடாது, நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் ஈரத்துணி மட்டும் வேண்டாம். வணக்கம்.